தேயிலை மண்ணும் கூட்டுறவுக் கணக்கும்

நமது வள்ளூர் வட்டாரத்தில் தேயிலைச் செடி ஒன்றுகூடக் கிடையாது. கொசஸ்தலை ஆற்றின் அணைக்கட்டு, அதற்கப்பால் எண்ணூர்க் கழிமுகம், பழைய உப்பளத் திடல்கள், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் ஆகியவையே நாம் அன்றாடம் காணும் காட்சி. இப்படியிருக்க, நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இப்பத்திரிகையில் தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் நியாய விலைக் கடையில் ஊட்டித் தேயிலை வாங்குகிறோம். அக்கடைகளில் மிகப் பலவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்கள். அந்தத் தூளைத் தயாரித்து அனுப்புபவையும் நீலகிரியிலுள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளே. 1962-ஆம் ஆண்டு குந்தாவில் முதல் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் இன்ட்கோசர்வ் என்னும் தலைமை இணையம் அமைந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரவர் அந்தச் சங்கங்களின் அங்கத்தினர்கள். ஆகவே கொழுந்து பறிக்கும் கை முதல் கொதிநீரில் தூளைப் போடும் கை வரையில் ஒரே கூட்டுறவுச் சங்கிலி ஓடுகிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மலைச் சரிவின் மேல்மண். அது நாளுக்கு நாள் மெலிந்து வருகிறது. நம்முடைய கணக்குப் புத்தகங்கள் எதிலும் அது பதிவாகவில்லை என்பதே எனது முறையீடு.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இவ்வட்டாரத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு சில காலம் கோத்தகிரிப் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் இருந்தேன். அவற்றுள் ஒரு சங்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் பெயர் இங்கே வேண்டாம். தவணை தவறிய கடன் மிகக் குறைவு. உரத்துக்கென்று கொடுத்த பயிர்க்கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது. பதிவேடுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ‘முன்மாதிரியான சங்கம்’ என்று ஆய்வறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன். மறு ஆண்டு ஐப்பசியில் பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், அதே சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் என்னைத் தமது தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். களைக்கொல்லி அடித்துத் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது தரை. செடிகளின் வேர்க்கழுத்து ஒரு சாண் உயரத்துக்கு வெளியே நின்றது. மேலே இருந்த மண் எங்கே என்று கேட்டேன். அவர் பேசாமல் கீழே ஓடும் ஓடையைக் காட்டினார். ஓடை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் ‘முன்மாதிரி’ என்று எழுதிய சங்கத்தின் மூலதனமே அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்பொழுதுதான் உறைத்தது. அந்த அறிக்கைப் படிவத்தில் பங்குத்தொகைக்கு இடமுண்டு, கடன் பாக்கிக்கு இடமுண்டு, இருப்புச் சரக்குக்கும் இடமுண்டு. மண்ணுக்கு மட்டும் ஒரு பத்தியும் இல்லை.

மண் அரிப்பு என்றவுடன் மலை சரிந்து வீடுகள் புதைவதையே நாம் எண்ணுகிறோம். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய சரிவுகளுக்குத் தேயிலையை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. சாலைக்காக வெட்டிய மேடுகளுக்கும், நீரோடும் வழியை அடைத்துக் கட்டிய கட்டடங்களுக்கும் அதில் பங்குண்டு. நான் சொல்ல வந்தது அதைவிட அமைதியாக நடக்கும் இழப்பு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு மண் போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். தபால் அட்டைகள் மூன்று நான்கை அடுக்கினால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். தோட்டக்காரர் தினமும் அதன்மேல் நடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டால் அது நான்கு கன மீட்டர் மண். எடையில் ஏறக்குறைய ஐந்து டன். ஒரு லாரி மண்ணை யாரோ இரவோடிரவாக அள்ளிச் சென்றால் காவல் நிலையத்துக்கு ஓடுவோம். மழை அள்ளிச் சென்றால் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். போவதும் வெறும் மண்ணன்று. இலை மக்கிச் சேர்ந்த கரிமச் சத்து, போன மாதம் கடன் வாங்கிப் போட்ட உரம் எல்லாம் அந்த மேல் ஏட்டில்தான் இருக்கின்றன. கடன் புத்தகத்தில் நிற்கிறது; உரம் ஓடையில் போகிறது.

இலங்கையின் மலைநாட்டில் இந்தக் கதை நமக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அங்கே முதலில் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பியை நாசமாக்கிற்று. மண் ஏற்கெனவே கரைந்திருந்த அதே சரிவுகளில் தேயிலையை நட்டார்கள். மலைநாட்டுத் தேயிலை நிலங்களில் நூறு ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய ஓர் அடி மேல்மண் போயிருக்கும் என்று அங்குள்ள மண்ணியல் அறிஞர் ஒருவர் கணித்தார். ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் வீதம் என்று பாருங்கள்! எந்த ஒரு வருஷத்திலும் எவருக்கும் தெரிந்திராது. 1951-ஆம் ஆண்டு மண் காப்புக்கென்றே அந்நாடு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நம் வட்டாரத்தில் குடியேறிய மூதாட்டி ஒருவர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி சிறு பெண்ணாக அங்கிருந்து வந்தவர், இதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது சிரித்தார். “ஐயா, எங்கப்பாவுக்குத் தோட்டத்துல கான் வெட்டுற வேல. காலையில வெட்டுவாரு, ராத்திரி மழையில தூர்ந்து போகும், மறுபடி வெட்டுவாரு. ‘தொரை நமக்குக் கொழுந்துக்குச் சம்பளம் குடுக்கல, மண்ணுக்குக் காவல் இருக்கத்தான் குடுக்குறான்’னு சொல்லுவாரு” என்றார். கான் என்றால் சரிவின் குறுக்கே வெட்டும் நீர்வடிகால். படிப்பறியாத அந்தத் தொழிலாளி கண்டுகொண்ட உண்மை பட்டம் பெற்ற எனக்குப் பிந்தித்தான் விளங்கிற்று.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தேயிலை மண்ணுக்குப் பகையான பயிர் அன்று. நன்கு வளர்ந்து, செடியோடு செடி கைகோத்துப் பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிய தோட்டத்தில் மழைத்துளி தரையை நேராக அறைய முடியாது. நீலகிரியில் முன்பு உருளைக்கிழங்கு பயிரிட்ட சரிவுகளோடு ஒப்பிட்டால் தேயிலைச் சரிவு எவ்வளவோ மேல். கிழங்குக்காக ஆண்டுதோறும் மண்ணைக் கிளறி, மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டியதன் விளைவைக் கண்டுதான் 1954-இல் உதகமண்டலத்தில் மத்திய அரசின் மண் காப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1961-இல் கிழங்கை நூற்புழு தாக்கியது தெரிய வந்தது. பிற்பாடு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறினார்கள். 1975-ஐ ஒட்டித் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும் கை கொடுத்தது. மாறியது நல்லதே. ஆனால் தேயிலை நட்டுவிட்டோம், இனி மண்ணைப் பற்றிக் கவலையில்லை என்று இருந்துவிட்டதுதான் பிழை.

தேயிலையின் ஆயுளில் மண் ஆடையிழந்து நிற்கும் காலங்கள் சில உண்டு. முதலாவது, நட்ட இரண்டு மூன்று ஆண்டுகள். செடி முழங்கால் உயரம். இடையில் எல்லாம் வெறுந்தரை. ஒரு தோட்டம் தன் வாழ்நாளில் இழக்கும் மண்ணில் பெரும்பகுதி இந்தக் குறுகிய காலத்திலேயே போய்விடுகிறது. இரண்டாவது, கவ்வாத்து செய்யும் ஆண்டு. நான்கைந்து வருஷங்களுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்தும்போது மூடியிருந்த கூரை அடியோடு நீங்குகிறது. அப்பொழுது வெட்டிய கிளைகளையும் இலைகளையும் அங்கேயே வரிசைக்கு இடையில் பரப்பிவிட்டால் அது மழைக்குக் கவசமாகும். மக்கியபின் உரமும் ஆகும். நான் பார்த்த தோட்டங்களில் பாதிக்கு மேல் அவற்றை விறகுக்கென்று கட்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஏழ்மையின் காரணமாக எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எரிவாயு அடுப்பு வந்த பின்னும் பழக்கத்தால் எடுத்தவர்களைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது, பட்டுப்போன செடிகளின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும் சொட்டைகள். நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் நாலு இழை அறுந்ததை அப்போதே பிணைக்காமல் விட்டால் துணி என்னவாகும்? சொட்டை விழுந்த இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அது வாய்க்கால்.

செய்ய வேண்டியவை புதிய விஞ்ஞானம் அல்ல. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசை பிடித்து நடுவது. வரிசைகளுக்கு இடையில் சிறு சாய்வுடன் கான் எடுத்து, அதற்குள் இடைவிட்டு இடைவிட்டுத் தாழ்ந்த வரப்புகளை நிறுத்துவது. நீர் அந்தக் குழிகளில் தயங்கி நின்று மண்ணை இறக்கிவிட்டு அடுத்த குழிக்கு வழியும். மழை விட்டதும் குழியில் படிந்த மண்ணை வாரி மேற்பக்கத்தில் இட்டுவிட வேண்டும். கீழ்ப்பக்கம் இடுவது எளிது. அதனால்தான் பலர் அப்படியே செய்கிறார்கள். களையை மண்வெட்டியால் சுரண்டாமல், மருந்தடித்து மொட்டையாக்காமல், அரிவாளால் அறுத்து அங்கேயே போடுவது. தீங்கில்லாத சிறு பூண்டுகளைத் தரையில் விட்டுவைப்பது. இலங்கையில் பழைய தோட்டத்தைப் பிடுங்கிய நிலத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, மண்ணைத் தேற்றிய பிறகே மறுபடி தேயிலை நடும் முறை உண்டு. இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் ஒரு சிறு விவசாயி அதை எப்படிச் செய்வார் என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

உரம் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலை புளித்த மண்ணை விரும்பும் பயிர். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. அம்மோனியா உரத்தையும் யூரியாவையும் ஆண்டுக்காண்டு கூட்டிப் போடப் போட அந்த எண் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குக் கீழே போனபின் எத்தனை மூட்டை போட்டாலும் வேர் எடுத்துக்கொள்ளாது. கவ்வாத்து ஆண்டில் மண் பரிசோதனை செய்து, வேண்டிய அளவு டோலமைட் இடுவது வழக்கம். குன்னூரில் உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான். உரக்கடன் கேட்டு வருபவரிடம் அந்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டச் சொல்லும் கடன் சங்கத்தை நான் கண்டதில்லை. நான் ஆய்வாளனாக இருந்தபோது சொல்லியும் வைத்ததில்லை.

மலையிலிருந்து புறப்பட்ட மண் எங்கே போகிறது? குந்தா நீர்மின் திட்டம் கனடா நாட்டின் உதவியுடன் 1950-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. அதன் அணைகளில் குந்தாப் பாலம், பில்லூர் ஆகியவற்றில் வண்டல் மேடிட்டிருப்பது மின்துறையின் தீராத தலைவலி. பில்லூர் நீரைக் கோவை நகரம் குடிக்கிறது. அதற்குக் கீழே பவானிசாகரும் அதனை நம்பிய கழனிகளும் ஜமக்காளத் தறிகளும் இருக்கின்றன. அணை தூர்ந்தால் தேங்கும் நீர் குறையும். நீரால் கிடைக்க வேண்டிய மின்சாரத்தைக் கரியால் ஈடு செய்ய வேண்டிவரும். கரி எரியும் இடம் எது, சாம்பல் படியும் இடம் எது என்பதை வள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணையும் நீரையும் கணக்கெழுதாமல் இழப்பதில் நமக்கும் அனுபவம் உண்டு. மீஞ்சூரைச் சுற்றிய நிலத்தடி நீரை நகரத்திற்கும் ஆலைகளுக்கும் அளவின்றி இறைத்ததால் 1960-களின் பிற்பகுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகத் தொடங்கிற்று. பிறகு பல மைல் தூரம் வந்துவிட்டது. தென்னந்தோப்பும் நெல்வயலும் வைத்திருந்தவர்கள் கிணற்றில் உப்புக் கரிக்கிறது என்று முதலில் சொன்னபோது, அந்த ஆண்டு எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலாவது அது இடம்பெற்றதா? அறிக்கையில் கடன் நிலுவை என்று வந்திருக்கும். நிலுவைக்குக் காரணம் நிலத்தின் அடியில் இருந்தது.

ஆகவே என் யோசனைக்கு வருகிறேன். நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்குச் சேமிப்புத் திட்டம் பழகிப்போன ஒன்று. கூலியில் ரூபாய்க்கு இத்தனை பைசா என்று சங்கமே பிடித்து வைக்கிறது. அரசாங்கமும் தன் பங்கைச் சேர்க்கிறது. தறிக்காரர் கையில் காசு தங்காது என்பதை அறிந்த எவரோ செய்த நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாட்டைத் தேயிலைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் மண்ணுக்காகச் செய்யலாம். பசுந்தேயிலை கிலோவுக்கு இருபத்தைந்து பைசா பிடித்து, ‘மண் காப்பு நிதி’ என்று தனிக்கணக்கில் வைக்கட்டும். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு நாலாயிரம் கிலோ கொழுந்து எடுப்பவர் ஆயிரம் ரூபாய் செலுத்துவார். ஆயிரம் ரூபாயில் ஓர் ஏக்கருக்குக் கான் வெட்ட முடியாது, உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவர் முந்நூறு பேர் உள்ள சங்கத்தில் வருஷத்திற்கு மூன்று லட்சம் சேரும். அதை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கரைத்துவிடாமல், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து தோட்டங்களாக, மிகச் சரிவானவற்றையும் அந்த ஆண்டு கவ்வாத்து ஆகும் தோட்டங்களையும் மறுநடவு ஆகும் தோட்டங்களையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். புல் வளர்க்கும் இரண்டு ஆண்டுக்கு அந்த அங்கத்தினருக்கு மாதாமாதம் முன்பணம் கொடுக்கவும் இதுவே வழி. அரை ஏக்கர் புல்லில் கிடந்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமல்லவா? தனியொருவரால் ஆகாததைச் செய்யத்தானே சங்கம்!

இதற்கு எழும் மறுப்பை நான் அறிவேன். கொழுந்துக்கு விலையே கட்டுப்படியாகவில்லை, அதில் இன்னும் பிடித்தம் வேறா என்பார்கள். 1990-களின் இறுதியில் நல்ல விலை கண்ட நீலகிரி விவசாயிகள், 2000-ஆம் ஆண்டை ஒட்டி அது சரிந்ததும் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. வயிற்றுக்கில்லாதவனிடம் மண்ணைக் காப்பாற்று என்று உபதேசிப்பது எளிது. அதனால்தான் பிடித்தத்துக்கு நிகரான தொகையை அரசாங்கமும், வாங்கும் பக்கமாகிய நாமும் சேர்க்க வேண்டும் என்கிறேன். நூறு கிராம் தூள் பொட்டலத்துக்கு ஐந்து பைசா கூடினால் நம் வீட்டுச் செலவில் தெரியவா போகிறது? கைத்தறிக் கைலிக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள், நெசவாளன் பிழைப்பான் என்று ஊராரைக் கேட்கும் நாம், தேயிலைக்காரனின் இதே வேண்டுகோளுக்குக் காது கொடுக்காமலிருப்பது அழகன்று. விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் மண் காப்புக்குப் பணம் ஒதுக்கினார்களா என்று திருப்பிக் கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. நான் அறிந்தவரையில் அப்போது வந்த பணம் புதுச் சரிவுகளை உடைத்துச் செடி நடுவதற்கே போயிற்று.

இன்னொரு சிறு காரியம், இதற்குக் காசு வேண்டாம். கடன் சங்கத்தின் ஆய்வுப் படிவத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: இவ்வாண்டு எத்தனை அங்கத்தினர் மண் பரிசோதனை செய்தனர், எத்தனை ஏக்கரில் கான் தூர் எடுக்கப்பட்டது, கவ்வாத்துக் கழிவு தோட்டத்திலேயே விடப்பட்டதா. என்னைப் போன்ற ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை அலுவலக நாற்காலியை விட்டெழுந்து, மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் நடந்து பார்த்து அதை நிரப்ப வேண்டும். மேலதிகாரிகளுக்கு இதை எழுத்து மூலம் அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்தின் மகாசபையில் தீர்மானம் கொண்டுவர ஆய்வாளனுக்கு உரிமை கிடையாது, அங்கத்தினர்களுக்கு உண்டு. நம் சங்கம் நடத்தும் கடையில் விற்கும் தேயிலைக்கு மண் காப்பு நிதி ஏற்படுத்தினால், விலையில் அந்தச் சிறு கூடுதலை ஏற்கச் சம்மதம் என்று வரும் மகாசபையில் எவரேனும் முன்மொழிந்தால், அதன் நகலைக் குன்னூருக்கு அனுப்பி வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தரவும் தயார். மகாசபைக்கு முந்தைய வாரம் செவ்வாய், வியாழன் மாலைகளில் சங்க அலுவலகத்தில் இருப்பேன்.